தடய அறிவியலுக்குப் போக எந்த குரூப், எந்த மேஜர்? அலைந்து தெரிந்துகொண்டவை

மேலூரில் தாலுகா ஆபீஸ் பக்கமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த மனுவோடு எந்தச் சான்றிதழை வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் தினமும் சொல்லிக்கொண்டிருப்பவன். அப்படிப்பட்டவனே என் அக்கா மகள் விஷயத்தில் ஒரு வருடத்தையும் ஒரு வருடக் கட்டணத்தையும் கோட்டை விட்டேன். மடியில் வைத்துக் காது குத்தின மாமனே படிப்பில் காலை வாரிவிட்டான் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, "மாமா, நான் ஃபோரன்சிக் படிக்கணும், டி.என்.ஏ. பார்க்கிற வேலை" என்றாள். பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில்தான் இடம் இருக்கிறது என்றார்கள். எல்லாம் சயின்ஸ்தானே என்று சேர்த்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து பி.எஸ்சி. விலங்கியல் கேட்டுப் போனால், பிளஸ் டூவில் உயிரியல் இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். சரி என்று, பெயரிலேயே ஃபோரன்சிக் என்று இருந்த ஒரு பட்டப்படிப்பில், வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் பணத்தைக் கட்டிச் சேர்த்தேன். முதல் வருடம் முடியும் நேரத்தில்தான் அரசு வேலை விளம்பரம் ஒன்றில் இருந்த ஒற்றை வரியைப் படித்தோம். அந்த வாரமே டிசி கேட்டு எழுதிக் கொடுத்தோம். இப்போது அவள் மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு.

அந்த வரி ஐந்தாவது படியில் வருகிறது. அவசரமாக இருப்பவர்கள் நேராக அங்கே போய்விடலாம். ஆனால் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் முதலிலிருந்தே படியுங்கள்.

1. எந்த வேலை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஃபோரன்சிக் என்று பிள்ளை சொன்னால், அதற்குள் குறைந்தது நான்கு வேறு வேலைகள் இருக்கின்றன. நான்குக்கும் வழி வேறு.

பிரேதப் பரிசோதனை செய்பவர் மருத்துவர். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நடப்பது அந்த வேலை. அதற்கு நீட் எழுதி எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். பி.எஸ்சி. வழியாக அங்கே போக முடியாது.

விரல்ரேகை பார்ப்பது தமிழ்நாட்டில் காவல்துறையின் கீழ் இருக்கும் விரல்ரேகைப் பிரிவு. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அதற்கென்று சார்பு ஆய்வாளர்களை எடுக்கிறது. அறிவியல் பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் போலீஸ் வேலை என்பதால் உடல் தகுதியும் உண்டு.

குற்றவியல் படிப்பு வேறு. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அதற்கு நல்ல துறை இருக்கிறது. குற்றம் ஏன் நடக்கிறது, சிறை, காவல், நீதி எப்படி இயங்குகின்றன என்று படிப்பது அது. அதைப் படித்துவிட்டு ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. இந்தக் குழப்பத்தில் சிக்கிய இரண்டு பேரை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

நான்காவதுதான் தடய அறிவியல் ஆய்வகம். தமிழக அரசின் தடய அறிவியல் துறைக்குத் தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரில், வட்டார ஆய்வகம் ஒன்று மதுரையிலேயே. இந்தக் கட்டுரை இந்த வேலையைப் பற்றி மட்டும்தான்.

இன்னொன்றையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தொடர்களில் வருகிற மாதிரி டார்ச் அடித்துக்கொண்டு கொலை நடந்த வீட்டில் சுற்றுவது இந்த வேலையில் சிறு பங்குதான். பெரும்பாலும், பிரேதப் பரிசோதனையில் எடுத்து உப்புக் கரைசலில் போட்டு அனுப்பிய உள்ளுறுப்புகளில் விஷம் தேடுவது, கஞ்சாப் பொட்டலத்தையும் கள்ளச் சாராயத்தையும் சோதிப்பது, அறிக்கை எழுதுவது, சம்மன் வந்தால் கோர்ட்டில் போய் நிற்பது. மதுரையில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்றே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. இதைக் கேட்டும் பிள்ளையின் முகம் வாடவில்லை என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. பிளஸ் ஒன் குரூப்: இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்

ஆய்வகத்துக்குள் எல்லாரும் எல்லா வேலையும் செய்வதில்லை. நச்சியல் (விஷங்களைப் பற்றியது), வேதியியல், உயிரியல், டி.என்.ஏ., இயற்பியல், துப்பாக்கி, ஆவணம், சைபர் என்று பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் அதற்குரிய பாடத்தில் பட்டம் பெற்றவர்களைத்தான் எடுக்கிறார்கள். ஆக, பிளஸ் ஒன்னில் நீங்கள் எந்தப் பாடத்தை விடுகிறீர்களோ, அதற்குரிய பிரிவின் கதவு அன்றைக்கே மூடிவிடுகிறது.

பயோ-மேத்ஸ், அதாவது இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம்: எந்தக் கதவும் மூடாது. பிறகு கம்ப்யூட்டர் பக்கம் மனம் மாறினாலும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கோ பொறியியலுக்கோ போகலாம். பாரம் அதிகம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பதினைந்து வயதில் எந்தப் பிரிவு என்று உறுதியாகத் தெரியாத பிள்ளைக்கு இதுதான் என் முதல் சிபாரிசு.

பியூர் சயின்ஸ், அதாவது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்: கணிதம் என்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைக்கு நல்ல வழி. டி.என்.ஏ., உயிரியல், நச்சியல், வேதியியல் எல்லாம் திறந்தே இருக்கும். துப்பாக்கிப் பிரிவும் இயற்பியலும் போய்விடும், ஏனென்றால் கணிதம் இல்லாமல் பி.எஸ்சி. இயற்பியலில் இடம் கிடைக்காது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்: வேதியியல், இயற்பியல், சைபர் மூன்றுக்கும் போதும். உயிரியல் போச்சு, டி.என்.ஏ. கனவும் அதோடு போச்சு. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

கலைப்பிரிவு, வணிகவியல், தொழிற்கல்விக் குரூப்புகள் எடுத்தால் ஆய்வகப் பக்கம் வர வழியில்லை.

இதில் நான் கவனித்த பொறிகள் மூன்று. முதலாவது, மதிப்பெண் குறைவு என்று பள்ளியே ஒரு குரூப்பைத் தள்ளிவிடுவது. ஒரு பள்ளியில் பயோ-மேத்ஸ் நிரம்பிவிட்டால் பக்கத்துப் பள்ளியில் இருக்கலாம். அரசுப் பள்ளி என்றால் கட்டணக் கவலையும் இல்லை. ஒத்தக்கடைக்கும் மேலூருக்கும் நடுவில் பஸ்ஸில் போய் வருவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான் அன்று இன்னும் இரண்டு பள்ளிகளில் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

இரண்டாவது, தாமதம். சேர்ந்த முதல் சில வாரங்களில் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தால், இடம் இருக்கும்பட்சத்தில் குரூப்பை மாற்றித் தருவார்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போன பிறகு யார் காலில் விழுந்தாலும் நடக்காது.

மூன்றாவது சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு. பத்தாம் வகுப்பில் 'பேசிக்' (எளிய) கணிதம், 'ஸ்டாண்டர்டு' கணிதம் என்று இரண்டு இருக்கின்றன. பதினொன்றில் கணிதம் எடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஸ்டாண்டர்டையே எழுதச் சொல்லுங்கள். இது ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே யோசிக்க வேண்டியது.

3. மொழிப்பாடத்தில் தமிழை விடாதீர்கள்

தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் வந்ததும் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சுக்கும் சமஸ்கிருதத்துக்கும் தாவுகிறார்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். மாநில அரசு ஆய்வகம்தான் இலக்கு என்றால், தமிழை எழுதும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

4. பெயர், இனிஷியல்: பத்தாம் வகுப்பிலேயே சரிசெய்யுங்கள்

என் கடைக்கு வருகிற சிக்கல்களில் பாதி இதுதான். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து கூட. உள்ளூர்க் கல்லூரியில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுப் படிவம் நிரப்பும்போதுதான் கணினி ஏற்காது.

எந்த இடத்திலும் ஆதாரமாகக் கேட்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது அச்சாகி வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு. ஆகவே பத்தாம் வகுப்பில் பள்ளி பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியையும் சேர்த்து. ஆதாரை அதற்கு ஏற்றபடி மாற்றுவது அதைவிடச் சுலபம்.

5. பட்டப்படிப்பு: பெயரைப் பார்க்காதீர்கள், மேஜரைப் பாருங்கள்

இதோ அந்த வரி. மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களுக்கு யுபிஎஸ்சி ஆள் எடுக்கும் விளம்பரங்களில், வேதியியல் பிரிவுக்கான தகுதி கிட்டத்தட்ட இப்படி வரும்: வேதியியலிலோ உயிர்வேதியியலிலோ முதுகலைப் பட்டம், அல்லது தடய அறிவியலில் முதுகலைப் பட்டம், ஆனால் இளங்கலையின் மூன்று ஆண்டுகளிலும் வேதியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். உயிரியல் பிரிவு என்றால் தாவரவியலோ விலங்கியலோ, துப்பாக்கிப் பிரிவு என்றால் இயற்பியலோ கணிதமோ கேட்பார்கள். விளம்பரத்துக்கு விளம்பரம் சொற்கள் மாறும். அடிப்படைப் பாடம் எது என்று கேட்பது மாறாது.

மூன்று ஆண்டுகளிலும் என்ற சொல்லில்தான் எங்களுக்குத் தலை சுற்றியது. அவள் சேர்ந்திருந்த படிப்பின் சிலபஸை எடுத்து செமஸ்டர் செமஸ்டராகப் பார்த்தோம். வேதியியல் முதல் வருடத்தில் மட்டும் இருந்தது. அப்புறம் குற்ற உளவியல், சட்டம், கைரேகை, ஒளிப்படம் என்று கலவையாக ஓடியது. படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். எந்தப் பிரிவிலும் ஒட்டாது.

இதே கண்ணி சாதாரண பி.எஸ்சி.யிலும் இருக்கிறது. நம் கல்லூரிகளில் மேஜர், அதாவது முதன்மைப் பாடம் ஒன்று, அலைடு, அதாவது துணைப் பாடம் இரண்டு. அலைடு பாடம் முதல் இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடும். விலங்கியல் மேஜர், வேதியியல் அலைடு என்று படித்தவர், நானும்தான் வேதியியல் படித்தேன் என்று வேதியியல் பிரிவுக்குப் போக முடியாது.

பெயரில் ஃபோரன்சிக் இருக்கும் பி.எஸ்சி. எல்லாமே தப்பு என்று சொல்லவில்லை. சேரும் முன் மூன்று ஆண்டு சிலபஸையும் வாங்கிப் பாருங்கள். ஏதாவது ஓர் அடிப்படைப் பாடம் ஆறு செமஸ்டரிலும் ஓடினால் சேரலாம். சிலபஸ் தரத் தயங்குகிற கல்லூரி என்றால் அப்படியே பஸ் ஏறிவிடுங்கள்.

இன்னொரு தலைவலியும் உண்டு. டிஎன்பிஎஸ்சி அறிவிப்பில் குறிப்பிட்ட பட்டத்தின் பெயரும் உங்கள் பட்டத்தின் பெயரும் வேறாக இருந்தால், இரண்டும் சமம் என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே அந்த அரசாணை வந்திருக்க வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் தொடங்கும் படிப்புகளுக்கு அது இருக்கிறதா என்று சேரும் முன்பே கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். பி.எஸ்சி. வேதியியலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

என்னைக் கேட்டால், உயிரியலில் தீராத ஆசை இல்லாத பிள்ளைக்கு வேதியியல்தான். நச்சியல், போதைப்பொருள், வெடிபொருள், சாராயம் என்று ஆய்வகத்தில் அதற்கு வேலை அதிகம். தடய அறிவியல் கிடைக்காவிட்டாலும் மருந்துக் கம்பெனி, உணவுப் பரிசோதனை, ஆசிரியர் வேலை என்று பிழைக்க வழி இருக்கிறது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி, பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று பி.எஸ்சி. வேதியியலுக்கு ஊரை விட்டே போக வேண்டியதில்லை.

பிளஸ் டூ முடித்ததும் நேராகத் தடய அறிவியல்தான் என்றால், குஜராத் காந்திநகரில் தலைமையிடம் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பை நடத்துகிறது. அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. பிலாஸ்பூர் குரு காசிதாஸ் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத்தேர்வு. பிளஸ் டூ பொதுத்தேர்வுப் பரபரப்பு நடக்கும் மாதங்களிலேயே இவற்றின் விண்ணப்பமும் வந்து போய்விடும். ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வாய்ப்பு போய்விடும்.

6. காகிதங்களும் செலவும்

இ-சேவையில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேலே போகும். மே, ஜூனில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் போடுவதால் தேங்கிவிடும். பிப்ரவரி, மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெளிமாநிலத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. அட்டை மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகப் பலர் அலைகிறார்கள். அந்தச் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு. பி.எஸ்சி.க்கு உதவாது.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 50 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். அங்கே மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி: எய்டட் சீட்டா, செல்ஃப் பைனான்ஸா? ஒரே கல்லூரி, ஒரே பி.எஸ்சி. வேதியியல், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். எய்டடில் இடம் இல்லை என்று முதல் நாளே சொன்னாலும், அடுத்த கவுன்சலிங் வரை காத்திருந்து பார்ப்பது நல்லது.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

செலவு என்று சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாத ஃபோரன்சிக் டிப்ளமோ, வீட்டிலிருந்தே சான்றிதழ், அரசு வேலை உறுதி என்று ஒரு நிறுவனம் எங்களிடமும் பேசியது. விளம்பரம் எதிலும் அந்த டிப்ளமோவைத் தகுதியாகக் கேட்கவில்லை என்று காட்டியதும் போனை வைத்துவிட்டார்கள்.

7. பி.எஸ்சி.க்குப் பிறகு

பத்தாம் வகுப்பிலிருந்து கணக்குப் போட்டால் பள்ளி இரண்டு, பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, ஆக ஏழு ஆண்டுகள். அறிவியல் அலுவலர் நிலையில் நுழைய முதுகலை வேண்டும். அடிப்படைப் பாடத்திலேயே எம்.எஸ்சி. படிக்கலாம், அல்லது முதுகலைக்கான க்யூட் பி.ஜி. தேர்வு எழுதி எம்.எஸ்சி. தடய அறிவியலுக்குப் போகலாம். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் (குசாட்) அந்தப் படிப்பு இருக்கிறது, அங்கெல்லாம் நுழைவுமுறை வேறு.

எம்.எஸ்சி. முடித்த மறுநாளே வேலை என்று நினைக்காதீர்கள். மத்திய ஆய்வகப் பணியிடங்கள் பலவற்றுக்கு ஆய்விலோ பகுப்பாய்விலோ அனுபவமும் கேட்கிறார்கள். மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்தால், அனுபவச் சான்றிதழில் தேதியோடு என்னென்ன கருவியில் என்ன சோதனை செய்தீர்கள் என்றும் எழுதி வாங்குங்கள். மூன்று வருடம் வேலை பார்த்தார் என்று மொட்டையாக எழுதினால் அது நிற்காது. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான யுஜிசி நெட் தேர்வில் தடய அறிவியல் ஒரு பாடமாகவே இருக்கிறது. வேதியியல்காரர்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட் இருக்கிறது. அதில் உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்குப் போனால் அந்த ஆண்டுகளும் வீணாகாது.

டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்தாண்டுக்குச் செல்லும். யுபிஎஸ்சி நேரடி நியமன விண்ணப்பம் 25 ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை. ஆகப் பணம் தடையில்லை, அறிவிப்பு எப்போது வரும் என்பதுதான் தொல்லை. மாதம் ஒருமுறை தளங்களைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். ஆள் கூடுதலாகத் தேவைப்படும் என்று நான் நம்புகிறேன். இதைக் காட்டி இத்தனை ஆயிரம் வேலை என்று யாராவது கட்டணம் கேட்டால் மட்டும் நம்பாதீர்கள்.

8. கோப்பு ஒன்று போடுங்கள்

பத்தாம் வகுப்பிலிருந்தே ஒரே கோப்பு. மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஒவ்வொரு செமஸ்டர் மார்க் பட்டியலும். கல்லூரி முத்திரையோடு மூன்றாண்டு சிலபஸும் ஒரு பிரதி வேண்டும். அந்தப் பாடம் எல்லா ஆண்டும் இருந்தது என்று காட்ட அதுதான் ஆதாரம். படிக்கும்போதே வாங்கிவிடுங்கள். சிலபஸ் மாறிய பிறகு பழையதைத் தேடி எடுப்பது கஷ்டம்.

அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018லேயே சொல்லியிருக்கிறது. சரிபார்த்ததும் திருப்பிக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதால், டிசி வாங்கப் போன அன்று பிளஸ் டூ மார்க்‌ஷீட்டுக்காக நான்கு முறை பஸ் ஏறினேன். டிசி மட்டும் ஒப்படைத்தால் திரும்பி வராது, அதனால் கொடுக்கும் முன் பத்து நகல் எடுத்து வையுங்கள். என் கடையில்தான் என்றில்லை, எந்தக் கடையிலும் எடுக்கலாம்.